லாம்பிஸ் தூக்கிய கை

ஃபோக்கையாவின் பெரிய மதிலைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் லாம்பிஸுக்கு இருபது வயது. கொல்லர் தெருவில் அப்பாவின் பட்டறை அப்போதுதான் அவன் கைக்கு வந்திருந்தது. மதில் வேலை நடந்த அத்தனை வருஷமும் அவனுக்கு ஒரே வேலைதான். கல்தச்சர்களின் உளிகளைக் காய்ச்சி, அடித்து, கூர்போட்டுக் கொடுக்க வேண்டும். காலையில் கூராகப் போன உளி மாலையில் மொட்டையாகத் திரும்பி வரும்.

மதிலுக்கான வெள்ளியைக் கொடுத்தது மேற்குக் கடலின் கோடியிலிருந்த ஒரு ராஜா. எங்கள் கப்பல்காரர்கள்மேல் அவருக்கு அப்படியொரு பிரியம். அதில் ஊரே நிமிர்ந்து நடந்தது. பக்கத்து ஊர்க்காரர்களிடம் மதிலின் உயரத்தைச் சொல்லாமல் யாரும் பேச்சை முடிப்பதில்லை. லாம்பிஸும் அப்படித்தான். "அந்த மதில்ல என் உளி படாத கல்லு ஒண்ணு காட்டு பார்ப்போம்" என்பான்.

அவனுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. அவனுடைய பட்டடை. மற்ற கொல்லர்கள் கருங்கல்லில் வைத்து இரும்பை அடித்தார்கள். அவனுடையது முழு இரும்பு. அப்பா கருங்கடலின் தென்கரையிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. இரண்டு ஆட்கள் சேர்ந்தால்தான் அசைக்க முடியும். கப்பல் ஆணி, நங்கூரப் பூண், தச்சனின் வாய்ச்சி என்று எது வேண்டுமானாலும் துறையில் ஒரே பேச்சுதான்: "லாம்பிஸ்கிட்ட போ, அவன்கிட்டதான் இரும்புப் பட்டடை இருக்கு."

மதில் எழும்பி முடிந்தபோது அவனுக்கு மெலித்தாவோடு கல்யாணம் நடந்தது. ஒரே பெண் பிறந்தாள், மிர்த்தோ. அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயதான வருஷம்தான் பாரசீகர்கள் வந்தார்கள்.

அவர்கள் மதிலை இடிக்கவில்லை. ஏணி போட்டு ஏறவும் இல்லை. மதிலுக்கு வெளியே மண்ணைக் கூடைகூடையாகக் கொட்டி, மேடு கட்டத் தொடங்கினார்கள். மேடு நாளுக்கு நாள் வளர்ந்தது. மதில் வளரவில்லை. ஒருநாள் காலையில் அவர்களுடைய தளபதி ஆள் அனுப்பினான். பணிந்ததற்கு அடையாளமாக மதிலில் ஒரே ஒரு கொத்தளத்தை இடித்து, பாரசீக ராஜாவுக்கு ஒரே ஒரு வீட்டை ஒதுக்கிக் கொடுத்தால் போதும் என்றான். ஊர்ச்சபை, யோசிக்க ஒரு நாள் வேண்டும், அந்த ஒரு நாள் படையைக் கொஞ்சம் பின்னால் நகர்த்துங்கள் என்று கேட்டது. ஊர்க்காரர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்பது தளபதிக்குத் தெரிந்துதான் இருக்க வேண்டும். ஆனாலும் படையை நகர்த்தினான்.

அந்த ஒரு நாளில் ஊரே கப்பலில் ஏறியது.

லாம்பிஸின் அண்ணன் நிக்காந்தர் ஐம்பது துடுப்புக் கப்பல் ஒன்றின் தலைவன். குரல் பெரிது, பொறுமை குறைவு. தம்பி வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினான்.

"டேய் லாம்பி, வீட்டுக்கு ஒரு கனமான சாமான்தான். ஒண்ணுக்கு மேல ஏத்தினா கப்பல் தாங்காது. சீக்கிரம் சொல்லு, எது?"

மெலித்தா தறிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். தறியில் மிர்த்தோவின் கல்யாணத் துணி பாதி நெய்தபடி தொங்கியது. கப்பல் துடுப்புக்காரன் தோவாஸுக்கு அவளைக் கொடுப்பதாக ஏற்கெனவே பேசி முடித்திருந்தது.

"தறியைப் பிரிச்சா நாலு கட்டைதாங்க. ஒரு மூலையில கிடந்துட்டுப் போகுது" என்றாள்.

"தறி எங்க போனாலும் கிடைக்கும். இந்தப் பட்டடை கிடைக்குமா?" என்றான் லாம்பிஸ்.

மெலித்தா கத்தியை எடுத்துப் பாவு நூலை ஒரே இழுப்பில் அறுத்து, பாதித் துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். நான்கு ஆட்கள் பட்டடையைக் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு துறைக்கு நடந்தார்கள். கோயில்களில் இருந்த மரச்சிலைகளையும் காணிக்கைகளையும் இன்னொரு கூட்டம் சுமந்துகொண்டு பின்னால் வந்தது. மாலைக்குள் ஊரில் நாய்களும் பூனைகளும்தான் மிச்சம். மறுநாள் பாரசீகர்கள் ஆளில்லாத ஊருக்குள் நடந்து போனார்கள். மதில் அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கப்பல்கள் கியோஸ் தீவுக்குப் போயின. அதற்கு எதிரே சில குட்டித் தீவுகள் சும்மா கிடந்தன. அவற்றை விலைக்குக் கேட்பதாகத் திட்டம். கியோஸ்காரர்கள் ஒரு வாரம் யோசிப்பதுபோல் நடித்துவிட்டு முடியாது என்றார்கள். நிக்காந்தர், பழக்கமான ஒரு கியோஸ் ஒயின் வியாபாரியிடமே நேரில் போய்க் கேட்டான். லாம்பிஸும் கூடப் போயிருந்தான்.

"ஏன்யா, ஆடு மேய்க்கக்கூட ஆகாத பாறை அது. எங்களுக்குத் தந்தா என்ன?"

வியாபாரி சிரித்தான். "நிக்காந்தரே, நீங்க விருந்தாளியா வந்தா ஒயின் ஜாடியைத் திறக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரனா வந்தா கதவைச் சாத்திக்குவோம். நீங்க அங்க கடை விரிச்சா அப்புறம் எங்க துறைக்கு எந்தக் கப்பல் வரும்? உங்க சாமர்த்தியம் எங்களுக்குத் தெரியாதா?"

அது புகழ்ச்சியா திட்டா என்று லாம்பிஸுக்குப் புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்தது. வழியில் எச்சில் துப்பிக்கொண்டே வந்தான்.

மணலில் கூடாரம் போட்டுக் கிடந்த அந்த நாட்களில்தான் மிர்த்தோவின் கல்யாணம் நடந்தது. பார்லி அடையும் உப்பு மீனும்தான் விருந்து. மெலித்தா பாதித் துணியைப் பெண்ணின் தோளில் போர்த்தினாள். முன்பக்கம் மறைந்தது, முதுகு மறையவில்லை. மிர்த்தோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "வெயில் காலந்தானேம்மா" என்று சிரித்தாள். கல்யாணம் ஆனதும் புருஷன் துடுப்புப் பிடிக்கும் கப்பலுக்குப் போய்விட்டாள்.

சபை கடற்கரையில் கூடியது. மேற்கே கிர்னோஸ் தீவில், இருபது வருஷத்துக்கு முன்பு எங்கள் ஊர்க்காரர்கள் குடியேறிய அலாலியா என்ற ஊர் இருந்தது. அங்கே போவது என்று முடிவானது. அதற்கு முன் ஒரு தடவை ஃபோக்கையாவுக்குத் திரும்பிப் போய், ஊரில் உட்கார்ந்திருக்கும் காவல்படையை வெட்டிப் போட்டுவிட்டுப் போகலாம் என்று நிக்காந்தரைப் போன்றவர்கள் சொன்னார்கள். எல்லோரும் அதற்குக் கை தூக்கினார்கள். லாம்பிஸும் தூக்கினான்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் கப்பல்கள் துறையில் புகுந்தன. காவல்படை எதிர்பார்க்கவில்லை. லாம்பிஸ் கையில் சம்மட்டியோடு நேராகத் தன் வீட்டுக்குத்தான் ஓடினான்.

முற்றத்தில் ஒரு பாரசீகன் அடுப்பு மூட்டிப் பயறு வேகவைத்துக்கொண்டிருந்தான். நடுத்தர வயது. காலில் செருப்பில்லை. அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது மெலித்தாவின் தறிக்கட்டை. லாம்பிஸைப் பார்த்ததும் அவன் எழுந்து, இரண்டு கையையும் பானைப் பக்கம் நீட்டி, ஒரே ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னான். லாம்பிஸுக்கு அந்த மொழி தெரியாது. தறிக்கட்டை எரிவதை மட்டும் பார்த்தான். சம்மட்டியை இரண்டு தடவை வீசினான். இரண்டாவது தேவைப்பட்டிருக்கவில்லை.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. துறைக்கு வெளியே கப்பல்கள் வளையமாக நின்றன. பின்தங்கி ஊருக்குத் திரும்புகிறவன்மேல் விழ வேண்டிய சாபங்களைப் பூசாரி ஒவ்வொன்றாகச் சொன்னார். இரும்புக்கட்டி ஒன்றைக் கடலில் போட்டு, அது மிதந்து மேலே வருகிற வரைக்கும் யாரும் ஃபோக்கையாவில் கால் வைப்பதில்லை என்று ஆண்கள் எல்லோரும் சத்தியம் செய்ய வேண்டும் என்றார்.

"சின்னக் கட்டியா போட்டா நல்லாவா இருக்கும்? எல்லாக் கப்பல்லேருந்தும் தெரியணும்" என்று யாரோ சொன்னார்கள்.

நிக்காந்தர் தம்பியைத் திரும்பிப் பார்த்தான். அந்தக் கப்பலில் இருந்தவர்கள் அனைவரும் பார்த்தார்கள்.

"அண்ணே, அது அப்பாவோடது."

"அதனாலதான்டா கேக்கிறேன். ஊருக்குக் கொடுக்கிறதைக் குறைஞ்சதாவா கொடுப்பாங்க? அலாலியாவுல ஒரு கல்லைப் பார்த்து வெச்சுக்கலாம். அதுவரைக்கும் துடுப்புப் பிடி. கை என்ன தேய்ஞ்சா போயிரும்?"

இல்லை என்று சொல்ல லாம்பிஸுக்கு வாய் வரவில்லை. அத்தனை பேர் பார்க்கும்போது எப்படிச் சொல்வது? அவனே கயிற்றை அவிழ்த்தான். நாலு பேர் அதை விளிம்புக்கு மேலாகத் தள்ளினார்கள். பட்டடை தண்ணீரில் விழுந்தபோது பெரிய சத்தம்கூட வரவில்லை. கொஞ்சம் நுரை வந்தது, அதுவும் அடங்கிவிட்டது. எல்லாக் கப்பல்களிலும் ஆண்கள் கையை உயர்த்திச் சத்தியம் சொன்னார்கள். லாம்பிஸின் உதடும் அசைந்தது. மெலித்தா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தறியை விட்டுவிட்டு எதை ஏற்றினோம், அது இப்போது எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

கிளம்பின இரண்டாம் நாளே கப்பல்களில் முணுமுணுப்பு தொடங்கியது. ஒருவன் அப்பாவின் சமாதியைப் பற்றிப் பேசினான். ஒருவன் காய்க்கிற பருவத்தில் விட்டுவந்த அத்திமரத்தைப் பற்றிப் பேசினான். மூன்றாம் நாள் காலை முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பல் வளைந்து திரும்பியது. பின்னால் இன்னொன்று. அதைப் பார்த்ததும் நிக்காந்தரின் ஆட்கள் துடுப்பை நிறுத்திவிட்டு, எங்களுக்கும் ஓட்டெடு என்றார்கள்.

"சத்தியம் பண்ணி மூணு நாள் ஆகலடா!" நிக்காந்தரின் கழுத்து நரம்பு புடைத்தது. "வாயில உப்புக்கூடக் காயல."

"ஓட்டெடு, நிக்காந்தரே."

ஐம்பது துடுப்புக்கு ஐம்பது ஆண்கள். ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று உயர்ந்த கைகளை நிக்காந்தர் சத்தமாக எண்ணினான். இருபத்தைந்து. இன்னும் ஒன்று வந்தால் கப்பல் திரும்பும். லாம்பிஸ் மூக்குப்பக்கம் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தான்.

மிர்த்தோவும் தோவாஸும் இருந்த கப்பல் கூப்பிடு தூரத்தில், மேற்கே மூக்கை வைத்தபடி நின்றது. அந்தக் கப்பல் திரும்பப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மெலித்தா புருஷனின் முகத்தைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

அவன் கையைத் தூக்கினான்.

ஏன் தூக்கினான் என்று பிற்பாடு பலருக்குப் பலவிதமாகச் சொன்னான். அப்பா சமாதி என்றான். கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றான். உள்ளே இருந்தது ஒன்றுதான். அலாலியாவில் அவன் லாம்பிஸாக இருக்க மாட்டான். நிக்காந்தரின் தம்பியாக, ஐம்பதில் ஒரு துடுப்பாக இருப்பான். ஃபோக்கையாவில் இருந்தால் வேலைக்கு ஆட்கள் அவனைத் தேடி வருவார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. பட்டடை இல்லாமல் எதற்காகத் தேடி வருவார்கள் என்று அந்த நொடியில் யோசிக்கவில்லை.

நிக்காந்தர் தம்பியைத் திட்டவில்லை. துடுப்புக்காரர்களைப் பார்த்து, "அந்தக் கப்பலை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்துங்க. அதுவரைக்கும் நான்தானே தலைவன்?" என்றான். இரண்டு கப்பலும் பக்கவாட்டில் நெருங்கின. நிக்காந்தர் தாண்டிக் குதித்தான். அவன் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் குதித்தார்கள். மெலித்தா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விளிம்பில் ஏறினாள். எதிரே மிர்த்தோ கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

லாம்பிஸ் மெலித்தாவின் முழங்கையைப் பிடித்தான்.

"விடுய்யா!" என்றாள் அவள். அதுவரைக்கும் அவனை ஒருமையில் பேசினதில்லை.

"விழுந்து சாகப் போறியா? கப்பல் ஆடுது பாரு."

"விழுந்தா விழறேன். விடு!"

கொல்லன் கை. இரும்பை இடுக்கியில் பிடித்தே பழகின கை. அவளால் உதற முடியவில்லை. அதற்குள் துடுப்புகள் தண்ணீரில் விழுந்து, இரண்டு கப்பலுக்கும் நடுவில் ஓர் ஆள் நீளம் இடைவெளி விழுந்தது. பிறகு இரண்டு ஆள் நீளம். மிர்த்தோ, "அம்மா, அம்மா" என்று கத்தியது வெகுநேரம் கேட்டது. ஒரு தடவைகூட அப்பா என்று கூப்பிடவில்லை.

மெலித்தாவின் முழங்கையில் அவனுடைய ஐந்து விரல் தடமும் கன்றிப்போய் இருந்தன. அந்தக் கன்றல் மறைய இரண்டு வாரம் ஆயிற்று. பேச்சு திரும்பவில்லை. சமைத்தாள், தண்ணீர் எடுத்தாள், கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொன்னாள். அவ்வளவுதான்.

ஊர் நாறிக்கொண்டிருந்தது. வெட்டிப் போட்ட காவல்படையினர் போட்ட இடத்திலேயே கிடந்தார்கள். தன் முற்றத்தில் கிடந்தவனை லாம்பிஸே இழுத்துக்கொண்டு போய் மதிலடியில் குழி தோண்டிப் புதைத்தான். பயறுப் பானை அடுப்பிலேயே பூஞ்சை பிடித்திருந்தது.

புதுப் படை வர அதிக நாள் ஆகவில்லை. ஊரை எரிப்பார்கள், ஆண்களை வெட்டுவார்கள் என்று பயந்தார்கள். அப்படி நடக்கவில்லை. வரி கட்டவும் கப்பல் ஓட்டவும் ஆள் வேண்டுமே. பாகாதாத் என்ற அதிகாரி சந்தை வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். பக்கத்தில் லிதியாக்காரன் ஒருவன் மொழிபெயர்ப்புக்கு நின்றான். ஒவ்வொரு ஆணாகக் கூப்பிட்டு, காவல்படையைக் கொன்றது யார் என்று கேட்டார்கள்.

எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். மேற்கே போனவர்கள் செய்தது. நாங்கள் அதில் சேரவில்லை. அதனால்தான் திரும்பி வந்தோம்.

லாம்பிஸின் முறை வந்தது.

"பேர் சொல்லச் சொல்றார். போனவங்கன்னா யாரு? ஒரு பேராவது சொல்லு" என்றான் லிதியாக்காரன்.

லாம்பிஸ் தரையைப் பார்த்தான். போனவன் எப்படியும் கைக்கு அகப்படப் போவதில்லை என்று மனசுக்குள் கணக்குச் சொல்லிக்கொண்டான்.

"நிக்காந்தர். என் அண்ணன்."

"உன் வீட்டுல இருந்தவனைக்கூடவா?"

"ஆமா. அந்த ஆளையும் அண்ணன்தான்."

"சத்தியமா?"

"சத்தியமா." இந்தச் சத்தியம் முதல் சத்தியத்தைவிடச் சுலபமாக வந்தது.

நிக்காந்தரின் வீட்டை ஒரே நாளில் இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். பாகாதாத் அந்த மனையை லாம்பிஸுக்கே கொடுத்தான், பட்டறையைப் பெரிதாகக் கட்டிக்கொள்ளட்டும் என்று. படைக் கிடங்கிலிருந்து ஒரு பட்டடையும் வந்தது. அம்புமுனைகளும் குதிரைக் கடிவாளங்களும் அடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். அவன் நினைத்தது நடந்தது. ஆட்கள் அவனைத் தேடி வந்தார்கள்.

மற்ற ஊர்க் கப்பல்கள் மறுபடி துறைக்கு வரத் தொடங்கின. தேயோஸ்காரர்களும் கிளசோமெனைக்காரர்களும் கரை இறங்கும்போதே சத்தமாகக் கேட்பார்கள்: "என்னப்பா ஃபோக்கையாக்காரரே, இரும்பு மிதந்துச்சா?" துறையில் இருக்கிற எங்கள் ஆட்கள் கேட்காத மாதிரி கயிறு சுருட்டுவார்கள். அவர்களும் சுதந்திரமாக ஒன்றும் இல்லை, அவர்களும் வரி கட்டுகிறவர்கள்தான். ஆனால் அவர்கள் சத்தியம் செய்யவில்லை. அந்த ஒன்றுதான் வித்தியாசம்.

படைக்காரர்களோடு பழகிப் பழகி லாம்பிஸுக்குப் பாரசீக மொழியில் நாலைந்து வார்த்தை தெரிந்தது. நாலாவது வருஷமோ ஐந்தாவது வருஷமோ, ஒரு குதிரைக்காரன் பட்டறையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். லாம்பிஸ் பார்ப்பதைக் கண்டதும் அடையைப் பிட்டு அவன் பக்கம் நீட்டி ஒரு வார்த்தை சொன்னான். லாம்பிஸின் கையிலிருந்த இடுக்கி அப்படியே நின்றது. முற்றத்தில் அந்த மனிதன் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை அது.

"அப்படின்னா என்ன?" என்று கேட்டான்.

குதிரைக்காரன் அடையைக் காட்டினான், லாம்பிஸின் வாயைக் காட்டினான். "எடுத்துக்கோ. சாப்பிடு."

லாம்பிஸ் அடையை வாங்கிக்கொண்டான். விழுங்க முடியாமல் உலையில் போட்டான்.

அன்று சாயங்காலம் அதை மெலித்தாவிடம் சொன்னான். அவளிடம் சொல்ல வேறு எதுவும் அவனிடம் பல வருஷமாக இல்லை. அவள் பயறு பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "நல்ல மனுஷன்போல" என்றாள். அதோடு உள்ளே போய்விட்டாள்.

ஏழாம் வருஷம் சாமோஸ் வியாபாரி தெலெசோன் வந்தான். மேற்குக் கடல்வரை போய்வருகிறவன். வாய் அதிகம், ஆனால் பொய் சொல்லுகிறவன் என்று பெயர் எடுத்ததில்லை. பட்டறைக்கே வந்து, மெலித்தாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு சொன்னான்.

அலாலியாவில் ஐந்து வருஷம் ஓடியது. பக்கத்துக் கடலில் போகிற வருகிற கப்பல்களை எங்கள் ஆட்கள் கொள்ளையடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பொறுக்க முடியாமல் இத்தாலிக் கரையின் எத்ருஸ்கரும் ஆப்பிரிக்கக் கரையின் கார்த்தேஜ்காரரும் சேர்ந்து வந்தார்கள். கடலில் சண்டை. அறுபது கப்பலில் நாற்பது போய்விட்டது, மிச்சம் இருபதும் மூக்குடைந்து திரும்பின. பிடிபட்டவர்களை எத்ருஸ்கர் கரைக்குக் கொண்டுபோய்க் கல்லால் அடித்துக் கொன்றார்கள்.

"நிக்காந்தர்?" என்றான் லாம்பிஸ்.

"கல்லடியிலதான். உங்க மருமகன் தோவாஸ் கப்பலோட மூழ்கிப் போயிட்டார்."

 கேட்க வேண்டியதைக் கேட்க மெலித்தாவுக்குப் பயமாக இருந்தது. தெலெசோனே சொன்னான்.

"பொண்ணு இருக்குது. ஒரு பேத்தியும் இருக்குது. மிச்சம் இருந்தவங்கல்லாம் தெற்கே இறங்கி, இத்தாலிக் கரையில புதுசா ஒரு ஊரு கட்டிக்கிட்டிருக்காங்க. நான் வர்றப்ப என்கிட்ட கேட்டுச்சு, எங்கம்மா உயிரோட இருக்காங்களான்னு."

"வேற?" என்றான் லாம்பிஸ்.

தெலெசோன் கொஞ்ச நேரம் தன் செருப்பு வாரைச் சரி செய்தான். "வேற ஒண்ணும் கேக்கலங்க."

மெலித்தா எழுந்தாள். "உங்க கப்பல் எப்ப கிளம்புது?"

"இன்னும் அஞ்சு நாள். ஏம்மா?"

"எனக்கு ஒரு இடம் இருக்குமா?"

"இடத்துக்கு என்ன? ஆனா அம்மா, ஒண்ணு சொல்லணும். திரும்பிப் போனவங்க யாரையும் அந்த ஊருல கால் வைக்க விடமாட்டாங்க. சத்தியம் உடைச்சவங்கன்னு சொல்றாங்க. அதுல ரொம்பக் கறாரு."

"சத்தியம் யாரு பண்ணினது?" மெலித்தாவின் குரல் ஏழு வருஷத்தில் முதன்முறையாக உயர்ந்தது. "ஆம்பளைங்க கையைத் தூக்கினாங்க. எங்களை யாராவது கேட்டாங்களா? தறியை விடறப்பவும் கேக்கல, சத்தியம் பண்றப்பவும் கேக்கல, திரும்பறப்பவும் கேக்கல. நான் பண்ணாத சத்தியத்தை நான் எப்படி உடைச்சிருப்பேன்?"

தெலெசோன் லாம்பிஸைப் பார்த்தான். லாம்பிஸ் உலையைப் பார்த்தான்.

"அங்க போய் இதையே சொல்லுங்கம்மா" என்றான் தெலெசோன். "எனக்குத் தெரிஞ்சு பதில் சொல்ல ஆள் இருக்காது."

அந்த ஐந்து நாளும் லாம்பிஸ் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்து வாயெடுத்து விட்டான். நானும் வருகிறேன் என்று சொல்ல முடியாது. போகாதே என்று சொல்ல அவனுக்கே கூச்சமாக இருந்தது. கடைசி நாள் காலையில் அவளுடைய மூட்டையைத் தூக்கிக்கொண்டு துறைவரைக்கும் போனான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பலகையில் ஏறும்போது அவள் தடுமாறினாள். லாம்பிஸ் பிடிக்கக் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அப்புறம் தெலெசோனின் ஆள் ஒருவன் நீட்டிய கையைப் பிடித்து ஏறிக்கொண்டாள்.

"அண்ணன் மனையில அவரை நினைச்சு ஒரு கிண்ணம் ஒயினாவது ஊத்துங்க" என்றாள். அதுதான் அவனிடம் அவள் கடைசியாகப் பேசினது. கப்பல் நகர்ந்த பிறகு திரும்பிப் பார்த்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. கடிவாளத்துக்குக் காத்திருந்த குதிரைக்காரன் துறைக்கே தேடி வந்து, எவ்வளவு நேரம் நிற்பது என்று சத்தம் போட்டதால் அவன் பட்டறைக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

ஒயினை ஊற்றினான். புதுப் பட்டறையின் தரை மண்ணில், அண்ணன் வீட்டு அடுப்பு இருந்த இடம் என்று அவன் நினைத்த இடத்தில். சரியாக எந்த இடம் என்று இப்போது கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் தெலெசோன் வந்தபோது, மெலித்தா போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றான். தடுத்தார்களாம். அவள் துறையிலேயே நின்று வாதாடினாளாம். ஊர்ப்பெண்கள் கூடிவிட்டார்களாம். விட்டுவிட்டார்கள். இப்போது பெண் வீட்டில் தறி போட்டிருக்கிறாள்.

லாம்பிஸ் மூன்று நாள் உட்கார்ந்து, கறி வாட்டுகிற இரும்புக் கம்பிகள் ஆறு அடித்தான். பிடிக்குப் பக்கத்தில் முறுக்குப் போட்டு, முனையை ஊசியாக இழைத்து, அவன் வாழ்க்கையிலேயே இவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை என்பதுபோல் அடித்தான். எண்ணெய் தடவித் துணியில் சுற்றித் தெலெசோனிடம் கொடுத்தான்.

"பேத்திக்குன்னு சொல்லுங்க. பெரியவளானா அடுப்புக்கு ஆகும்."

மறுவருஷம் தெலெசோன் அதே துணிச்சுருட்டை அவன் முன்னால் வைத்தான். முடிச்சு அவிழ்க்கப்படவே இல்லை.

"வாங்கலையா?"

"ஃபோக்கையாவுல அடிச்ச இரும்பு வேண்டாம்னுட்டாங்க."

"மெலித்தாவா?"

"இல்ல. உங்க பொண்ணு. அந்தம்மா பக்கத்துலதான் இருந்தாங்க. ஒண்ணும் சொல்லல." தெலெசோன் எழுந்துகொண்டான். "எனக்கு வேலை இருக்கு, வரட்டுமா?"

லாம்பிஸ் தலையசைத்தான்.

அந்த வாரக் கடைசியில் பாகாதாத் வீட்டில் விருந்து. கறி வாட்டக் கம்பி வேண்டும், உடனே வேண்டும் என்று ஆள் வந்து நின்றான். லாம்பிஸ் உலையை மூட்டவில்லை. துணியை அவிழ்த்து, ஆறையும் எண்ணிக் கொடுத்தான். ஆள் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, நல்ல வேலை என்று தன் மொழியில் சொன்னான். அது லாம்பிஸுக்குப் புரிந்தது.